குடிலில் இல்லாத துணி

கடந்த கிறிஸ்து பிறப்பு விழா நாள்களில் திருப்பூர் நகரிலும் அதனைச் சூழ்ந்த ஊர்களிலும் எழுப்பப்பெற்றிருந்த குடில்களைக் காண்பதற்கென்றே இரண்டு மாலைப்பொழுதுகளை நாம் ஒதுக்கினோம். ஆலய முற்றத்துக் குடில்கள், தெருமுனைக் குடில்கள், லைன் வீட்டுக்காரர் கூடிப் பொதுவாசலில் அமைத்த சிறு குடில்கள் என இருபதுக்குக் குறையாமல் பார்த்திருப்போம். கைவேலையில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பச்சைத் துணியால் மலை, நீலத் துணியால் வானம், கட்டிங் வேஸ்ட்டில் பொறுக்கிய வெள்ளைத் துண்டுகளால் உறைபனி என்று பனியன் கம்பெனிக் கழிவு முழுவதும் அங்கே கலையாகியிருந்தது. பனியனுக்கும் பனிக்கும் சொல்லளவிற்கூட உறவில்லை என்பதை நம் இளைஞர்களுக்கு யாரும் சொல்லவில்லை போலும்!

ஆனால் ஒன்று நம் கண்ணை உறுத்தியது. மலைக்குத் துணி உண்டு. வானத்திற்குத் துணி உண்டு. ஒட்டகத்தின் முதுகிற்கும் உண்டு. நடுவே வைக்கோலின்மீது கிடந்த குழந்தைக்கு மட்டும் இல்லை. இடையில் சுண்ணத்தால் வார்த்த சிறு மடிப்பொன்றைத் தவிர அது வெற்றுடம்பாய், இரு கைகளையும் விரித்தபடி கிடந்தது. ஏறத்தாழ எல்லாக் குடில்களிலும் இதே கோலந்தான். உலகின் எத்தனையோ நாட்டுக் குழந்தைகளுக்கு உடுப்புத் தைத்து அனுப்பும் ஊர் இது. ஐரோப்பியக் கடைகளில் கிறிஸ்துமஸ் விற்பனைக்கு வைக்கப்படும் பின்னலாடைகள் பல மாதங்களுக்கு முன்னரே இங்கு வெட்டப்பட்டு, ஓவர்லாக் பேட்லாக் முடிந்து, பிசிறு நீக்கப்பெற்று, செக்கிங் பார்த்துப் பெட்டிகளில் அடைபட்டுத் துறைமுகம் போய்ச் சேர்ந்துவிடுகின்றன. அந்த ஊரின் குடிலில் குழந்தைக்குத் துணி இல்லாமற் போனது எவ்வாறு? இவ்வினாவைப் பின்தொடர்ந்து சென்றபோது, கிறிஸ்து பிறப்புக் கதையில் நற்செய்தியாளர் சொன்னது எது, பின்வந்தோர் சேர்த்தது எது, நாம் கைவிட்டது எது என்னும் பெரிய வினாவுக்குள் நாம் சென்று சேர்ந்தோம்.

லூக்கா சொற்செட்டு மிக்க எழுத்தாளர். பிறப்பைக் குறித்து அவர் தருவது ஒரே வாக்கியம். இரண்டாம் அதிகாரத்தின் ஏழாம் வசனம். அதில் தாய் செய்த செயல்கள் மூன்று: ஈன்றாள், துணியில் சுற்றினாள், தீனித்தொட்டியில் கிடத்தினாள். குளிரைப் பற்றி ஒரு சொல் இல்லை. மாடும் கழுதையும் இல்லை. விடுதிக்காரன் இல்லை. இத்தனை சிக்கனமாக எழுதுபவர் துணியை மட்டும் விடாமல் சொல்கிறார்; அத்துடன் நில்லாது, ஐந்து வசனங்கள் தள்ளி வானதூதர் வாய்மொழியாக அதனை மீண்டும் சொல்கிறார். இடையர்களுக்குத் தரப்படும் அடையாளமே அதுதான்: துணியில் சுற்றிய குழந்தை, தீனித்தொட்டியில். இரண்டாவது பாதி விந்தையானது, முதற்பாதி அன்றாடமானது. அவ்விரண்டும் ஒருங்கே அமைந்திருப்பதே அடையாளம்.

அக்காலப் பலஸ்தீன வழக்கில் பச்சிளங்குழந்தையை நீண்ட துணிப்பட்டைகளால் கை கால் அசையாதபடி சுற்றிவைப்பர். எசேக்கியேல் நூலின் பதினாறாம் அதிகாரம் எருசலேமைக் கைவிடப்பட்ட பெண்மகவாக உருவகிக்குமிடத்தில், தொப்புள்கொடி அறுக்கப்படாமை, நீராட்டப்படாமை, உப்புத் தேய்க்கப்படாமை ஆகியவற்றோடு துணியில் சுற்றப்படாமையையும் சேர்த்து எண்ணுகிறது. துணியற்ற மகவு எவருக்கும் வேண்டாத மகவு என்பது கருத்து. சாலமோனின் ஞானம் ஏழாம் அதிகாரத்தில் பேசும் அரசனோ, தானும் பிறரைப்போலவே துணியில் சுற்றப்பட்டு வளர்க்கப்பட்டவன் என்றும், அரசர் எவரும் வேறுவிதமாய்ப் பிறந்ததில்லை என்றும் சொல்லிக்கொள்கிறான். லூக்காவின் துணிக்குள் இவ்விரு குரல்களும் மடிந்து கிடக்கின்றன என்பது நமது துணிபு. அது வறுமையின் சின்னமாகும் என்று மறையுரைகளில் சொல்வது பொருந்தாது. வேண்டிப் பெற்று, கருத்தோடு காக்கப்பட்ட பிள்ளை இது என்பதே அதன் பொருள்.

அங்ஙனமாயின் துணி எப்போது கழன்றது? நான்காம் நூற்றாண்டுக் கல்லறைப் பேழைச் சிற்பங்களிலும், கீழைத் திருச்சபையின் படிமங்களிலும் குழந்தை இறுகச் சுற்றப்பட்டே கிடக்கிறது. 1223ஆம் ஆண்டு கிரேச்சோவில் புனித பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு அமைத்த காட்சியே நம் குடில்களுக்கெல்லாம் தாய் என்பர். மாற்றம் அதற்குப் பின்னர் நேர்ந்தது. சுவீடன் நாட்டுப் புனித பிரிஜித்தா 1372இல் பெத்லகேம் சென்றபோது கண்ட காட்சியில், குழந்தை வெற்றுடம்பாய்த் தரையில் ஒளிவீசிக் கிடந்தது. ஓவியர்கள் அந்த ஒளியைப் பற்றிக்கொண்டனர். நாம் வியப்பது என்னவெனில், அதே காட்சியின் தொடர்ச்சியில் அன்னை, தாம் கொண்டுவந்த துணிகளால் குழந்தையைச் சுற்றுவதாகவும் பிரிஜித்தா சொல்லியிருக்கிறார். ஓவியர் அந்தப் பகுதிக்கு வருமுன் தூரிகையைக் கழுவிவிட்டனர். அவ்வோவியங்கள் வழிவந்த வார்ப்புகளே கடைகளில் விற்கப்படுகின்றன. நாமும் வாங்கி வைக்கிறோம்.

இதில் இழப்பு அன்னைக்கே அதிகம். குடிலில் மரியா கைகூப்பி மண்டியிட்டிருக்கிறார். லூக்காவின் மரியாவுக்கோ கைகூப்ப நேரமிருந்ததாகத் தெரியவில்லை. மூன்று வினைகளுக்கும் அவரே எழுவாய். மருத்துவச்சிகளைக் கொண்டுவந்து நிறுத்துவது பிற்காலத்து யாக்கோபு நூல். நம் ஊர்ப் பெண்கள் இதனை எளிதில் உணர்வர். பிறந்த குழந்தைக்குப் புதுத்துணி ஆகாதென்று, துவைத்துத் துவைத்து மென்மையேறிய பழைய வேட்டியைக் கிழித்து வைத்துக்கொண்டு காத்திருக்கும் பாட்டிமார் இன்றும் இருக்கிறார்கள். அந்தக் கிழித்து வைத்தலில் உள்ள முன்னேற்பாடும் அச்சமும் விருப்பமும் நம் குடிலில் எங்கும் காணப்படவில்லை.

துணிக்கு நேர்ந்தது விடுபாடு. இடத்துக்கு நேர்ந்ததோ சேர்ப்பு. நம் பங்குகளில் ஆண்டுதோறும் மேடையேறும் கிறிஸ்து பிறப்பு நாடகங்களில் தவறாமல் கைதட்டல் வாங்கும் பாத்திரம் சத்திரக்காரன். விளக்கைத் தூக்கிப் பிடித்து, கருவுற்ற பெண்ணை மேலும் கீழும் பார்த்து, இடமில்லை என்று கதவை அறைந்து சாத்துவான். நற்செய்தியில் அப்படியொருவன் இல்லை. ஒரே ஒரு சொல்லிலிருந்து அவன் முளைத்தான்.

அச்சொல் கிரேக்க மூலத்தில் கத்தலூமா. தங்குமிடம், விருந்தினர் அறை என்பன அதன் பொருள்கள். இதே லூக்கா, இருபத்திரண்டாம் அதிகாரத்தில் ஆண்டவர் இறுதி இரவுணவு அருந்தும் அறைக்கும் அச்சொல்லையே வழங்குகிறார். காசு கொடுத்துத் தங்கும் வழிப்போக்கர் விடுதியைக் குறிக்க வேண்டியபோது, பத்தாம் அதிகாரத்து நல்ல சமாரியர் உவமையில், பந்தோகெயோன் என்னும் முற்றிலும் வேறான சொல்லை எடுக்கிறார். அங்கே விடுதிக்காரனும் உண்டு, இரண்டு தெனாரியமும் உண்டு. இலத்தீனில் பெயர்த்த புனித எரோணிமுவும் இந்த வேறுபாட்டைக் காத்தார்: பிறப்புக்கும் இரவுணவுக்கும் ஒரே சொல், சமாரியருக்கு வேறு சொல். தமிழில் சீர்திருத்தத் திருச்சபையாரின் பழைய மொழிபெயர்ப்பு பெத்லகேமிலும் எரிகோ வழியிலும் சத்திரம் என்றே எழுதியது. எனவே ஓரிடத்துச் சத்திரக்காரன் மற்றோரிடத்துக்கும் நடந்து வந்துவிட்டான். 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு சமாரியருக்குச் சாவடியும் பெத்லகேமுக்கு விடுதியும் தந்தது. சொற்கள் பிரிந்தன; பொருள் முழுதும் பிரியவில்லை. விடுதி என்ற சொல்லைக் கேட்டதும் வாடகைப் பதிவேட்டை நினைக்காத தமிழர் யார்? எனினும் சாவடியை வேறாக்கியதற்காக அக்குழுவினரைப் பாராட்டத்தான் வேண்டும்.

சத்திரம் என்னும் சொல்லைப் பற்றி ஒன்று சொல்லாமல் கடக்க மனம் வரவில்லை. தமிழகத்துச் சத்திரம் அறச்சாலை. அங்கு வாடகை கேட்பவர் இல்லை. தஞ்சை மராட்டியர் சத்திரங்களில் வழிப்போக்கரான கருவுற்ற மகளிர்க்குப் பேறுகாலம் பார்த்து, தாய்க்கும் சேய்க்கும் உணவளித்துப் பேணும் வழக்கம் இருந்ததனை, இரண்டாம் சரபோஜி மன்னர் 1801ஆம் ஆண்டு ஆங்கிலேய அதிகாரிக்கு எழுதிய கடிதத்தால் அறிகிறோம். ஆகவே மெய்யான தமிழ்ச் சத்திரமொன்று பெத்லகேமில் இருந்திருப்பின் நம் நாடகத்திற்கே வேலை இருந்திராது! மொழிபெயர்ப்புச் சொல் தன் சொந்த மண்ணின் நினைவுக்கு எதிராக நின்று பணியாற்ற நேர்ந்த விந்தை இது.

விருந்தினர் அறையில் இடமில்லாது போனதற்கு லூக்கா கூறும் பின்னணி மக்கள்தொகைக் கணக்கு. இங்கு வரலாற்றுச் சிக்கல் ஒன்று உண்டு. அதனை மூடிமறைப்பதால் நம்பிக்கை வளராது. மத்தேயுவும் லூக்காவும் பிறப்பை ஏரோதின் ஆட்சியோடு இணைக்கின்றனர். ஏரோது இறந்தது கி.மு. 4. சிரியாவில் குரேனியு ஆளுநராய் இருந்து நடத்திய கணக்கெடுப்போ, யூத வரலாற்றாசிரியர் ஜொசிபஸ் தரும் செய்திப்படி கி.பி. 6. இடையில் ஏறத்தாழப் பத்தாண்டு இடைவெளி. இரண்டையும் பொருத்தக் கையாளப்பட்ட விளக்கங்கள் பல. ஒன்றும் முற்றாக மனநிறைவு தருவதாயில்லை. ஆனால் கணக்குக்காக மக்கள் தம் ஊருக்குத் திரும்பும் வழக்கம் கற்பனையன்று. கி.பி. 104இல் எகிப்தை ஆண்ட உரோமை ஆளுநர் விபியு மாக்சிமு, வேறிடங்களில் பிழைக்கச் சென்றோர் கணக்கெடுப்பின் பொருட்டுத் தம் இல்லங்களுக்குத் திரும்ப வேண்டுமென்று விடுத்த ஆணை பாப்பிரசுச் சுருளில் கிடைத்திருக்கிறது. அந்த ஆணையைப் படிக்கும்போது, பொங்கலுக்கும் தேர்தலுக்கும் திருப்பூர்ப் பேருந்து நிலையத்தில் பெட்டியும் பையுமாய் நெருக்கியடிக்கும் தென்மாவட்டத்து முகங்களே நம் கண்முன் வந்தன. ஆண்டவனின் ஆணையோ அரசின் ஆணையோ, ஊர்திரும்பும் நாளில் ஊரிலுள்ள வீடுகள் போதமாட்டா.

அந்த வீடுகள் எத்தகையன? யூதேயச் சிற்றூரின் எளிய வீடு பெரும்பாலும் ஒரே அறை. அதன் ஓரம் சற்றுத் தாழ்ந்த தளமாக இருக்கும். இரவில் ஆட்டையும் மாட்டையும் அங்கே கட்டுவர். மேட்டுத்தளத்தின் விளிம்பிலோ சுவரோரத்திலோ தீனித்தொட்டி. ஏந்தோரில் சவுல் சந்தித்த பெண் தன் வீட்டிலேயே கொழுத்த கன்று வைத்திருந்தாள் என்று சாமுவேல் முதல் நூல் கூறும். ஓய்வுநாளில் மாட்டைத் தொட்டியினின்று அவிழ்த்து நீர்காட்டாதவர் யார் என்று ஆண்டவரே கேட்டதை லூக்கா பதிமூன்றில் காண்கிறோம். எனவே, விருந்தினர் இடம் நிரம்பிவிட, வீட்டார் புழங்கும் பகுதியிலேயே, மாட்டுத்தொட்டி அருகே பிள்ளைப்பேறு நிகழ்ந்தது என்று இன்றைய அறிஞர் பலர் பொருள்கொள்வது நமக்கு ஏற்புடையதாகத் தோன்றுகிறது. குகை என்னும் மரபும் மிகப் பழையதே. இரண்டாம் நூற்றாண்டிலேயே புனித யுஸ்தீன் அதனைக் குறிப்பிடுகிறார். அக்குகையின்மீதுதான் கொன்ஸ்தாந்தீன் பேரரசரின் கோயில் எழுந்தது. குன்றுப்புறத்து வீடுகளின் பின்பகுதி குகையாய் அமைதலும் உண்டாதலின் இவ்விரண்டும் பகையல்ல. மத்தேயு தம் ஞானியர் நுழைந்த இடத்தை வீடு என்றே சொல்கிறார் என்பதும் நினைக்கத்தக்கது.

நம் முன்னோர் இக்கதையைத் தமிழ்நிலத்தில் நட்டுப் பார்க்கத் தயங்கவில்லை. இத்தாலியில் 1680இல் பிறந்து தமிழராய் வாழ்ந்து 1747இல் மறைந்த வீரமாமுனிவர், சூசையப்பரைக் காப்பியத் தலைவராக்கி, வளன் என்று பெயரிட்டு, 3615 பாடல்களில் தேம்பாவணி பாடினார். காப்பிய மரபுப்படி நாட்டுப் படலமும் நகரப் படலமும் வைத்து, மழைபொழிந்து ஆறு பெருகி நெல்விளையும் மருதநாடாக யூதேயாவை அவர் புனைந்தபோது, கம்பரைக் கற்ற தமிழர்க்கு அந்நாடு அயல்நாடாய்த் தோன்றாதிருக்க வழிசெய்தார். அப்பெருந்துணிவை வணங்குகிறோம். ஆயினும் அவர் தேர்ந்த திணை காவிரிக்குரியது. மெய்யான பெத்லகேம், மலைமுதுகில், பாலைநிலத்தின் விளிம்பில் அமைந்தது. கல்லும் மேய்ச்சலும் உடையது. தமிழகத்தில் அதற்கு இணைதேட வேண்டின், காங்கயம் தாராபுரம் பக்கத்துக் கொறங்காடுகளைத்தான் நாம் காட்டுவோம்: கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப்புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் செம்மறி, நிழலில் மயிலை மாடு. அறுவடையான காட்டில் கிடைபோட்டு இரவெல்லாம் நாய்களுடன் காவலிருக்கும் ஆட்டுக்காரர்க்கு லூக்காவின் இடையரை எவரும் விளக்க வேண்டியதில்லை. அவ்விடையர் சமுதாயத்தால் வெறுக்கப்பட்டோர் என்று சொல்வது இப்போது மறையுரைகளில் வழக்காகிவிட்டது. லூக்கா அவ்வாறு சொல்லவில்லை. தாவீதின் ஊரில் இடையர் என்றாலே தாவீதின் நினைவு எழும் என்பதே அவர் கருதியது போலும். கொங்குப் பழைய வீடுகளில் கட்டுத்தரை வாசலை ஒட்டியே இருக்கும். இரவில் மாடு பெருமூச்சு விடுவது திண்ணையில் படுத்தவருக்குக் கேட்கும். அவ்வீடுகளில் வளர்ந்தவர்கள் தீனித்தொட்டியை இழிவின் சின்னமாக நினைத்திருக்க மாட்டார்கள். மார்கழிக் குளிரில் வீட்டில் வெதுவெதுப்பான இடம் அதுவே.

இவ்வாறு பொருள்கொண்டால் கதையிலிருந்து கொடியவன் நீங்கிவிடுகிறான். நெருக்கடி மட்டும் எஞ்சுகிறது. நெருக்கடியை நாம் அறிவோம். சில ஆண்டுகளுக்கு முன் கேரல் குழுவினருடன் லைன் வீடொன்றுக்குள் நுழைந்தோம். எட்டுக்குப் பத்து அறை. அதில் கணவன், மனைவி, கணவனின் தம்பி. அவர்களோடு ஒட்டிக்கொள்ள ஊரிலிருந்து அப்போதுதான் வேலை தேடி வந்த சித்தப்பா மகனும் அவன் மனைவியும். அவளுக்கு நிறைமாதம். குறுக்கே ஒரு சேலையைக் கட்டி அறையை இரண்டாக்கியிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் வீட்டுக்காரப் பெண், “உக்கார வெக்க எடமில்லீங்க, ஒண்ணும் நெனச்சுக்காதீங்க” என்றாள். தைமாதத்தில் அவ்வறையிலேயே குழந்தைக்குத் தொட்டில் கட்டினார்கள். ஆண்கள் இருவரும் இரண்டு மாதம் மொட்டைமாடியில் படுத்தார்கள். இடமில்லை என்பது அங்கே மறுப்பாக ஒலிக்கவில்லை. இடம் கொடுத்து முடித்தவர்கள் சொல்லும் சொல்லாக இருந்தது. கத்தலூமாவில் இடமில்லை என்று லூக்கா எழுதியதை அன்றிரவே நாம் முதன்முறையாகப் படித்தோம் எனலாம்.

ஆயினும் இவ்விளக்கத்தால் நாம் எளிதில் ஆறுதலடைந்துவிடுதல் கூடாது என்று நண்பர் ஒருவர் இடித்துரைத்தார். அவர் கூறியதில் உண்மையுண்டு. இதே ஊரில் வீடு வாடகைக்கு என்ற பலகையைப் பார்த்துக் கதவைத் தட்டியவரிடம், எந்த ஊர், என்ன ஆளுங்க, எந்தச் சாமி என்று கேட்டறிந்த பின்னர், வீடு நேற்றே போய்விட்டது என்று சொல்லும் வாயில்கள் பலவுண்டு. ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்களுக்கு மொழியைக் கேட்ட அளவிலேயே அவ்விடை கிடைக்கிறது. பலகை மட்டும் மறுநாளும் அங்கேயே தொங்கும். சொல்பவருள் ஞாயிறு தவறாது திருப்பலி காண்போரும் இருக்கக்கூடும். சத்திரக்காரன் பெத்லகேமில் இல்லை என்று நாம் நிறுவலாம். திருப்பூரில் இல்லை என்று நிறுவ இயலாது. அதனாலேயே நாடகத்தில் அவனுக்கு யூதத் தொப்பி மாட்டி இரண்டாயிரம் ஆண்டுக்கு அப்பால் நிறுத்துவதை நாம் மறுக்கிறோம். மேடைக்கு அவன் வேண்டுமென்றால் வேட்டி கட்டி, கையில் சாவிக்கொத்துடன் வரட்டும். வசனம் தேடி அலைய வேண்டியிராது. பெத்லகேம் மக்களை விட்டுவிடலாம். அவர்கள் நெருக்கி உட்கார்ந்து இடம் செய்தவர்கள்.

பெத்லகேமிலேயே தம் பிற்காலத்தைக் கழித்த எரோணிமு, மண்தொட்டியை அகற்றி வெள்ளித்தொட்டி வைத்துவிட்டார்களே என்று தம் மறையுரையில் வருந்தியதுண்டு. அக்காலத்திலேயே தொடங்கிவிட்டது இவ்வேலை.

இரண்டாம் மாலை நாம் கடைசியாகப் பார்த்த குடில், சாயப்பட்டறைகள் பல இருந்து மூடப்பட்ட பகுதியொன்றின் லைன் வீட்டு வாசலில் இருந்தது. அளவில் மிகச் சிறியது. அங்கே மட்டும் குழந்தையின்மீது துணி இருந்தது: தோள் தையலுக்குச் சற்று முன் நிறுத்தப்பட்ட, மஞ்சள்நிறக் குழந்தைப் பனியனின் முன்பாகம் ஒன்று, கழுத்துவரை சுற்றிச் செருகியிருந்தது. யார் சுற்றியது என்று கேட்டோம். கைமடி வேலைக்குப் போகும் ஒரு பெண்மணி, தாம்தான் என்றும், பயல்கள் இரண்டுமுறை எடுத்துப் போட்டுவிட்டார்கள் என்றும் சொன்னார். சுற்றினால் சொரூபத்தின் கை மறைகிறதாம். படம் எடுக்க நன்றாயில்லையாம். “பச்சப்புள்ளைங்க, பனியா வேற பெய்யுது” என்று எங்களிடம் முறையிட்டவாறே அவர் குனிந்து, அவிழத் தொடங்கியிருந்த ஒரு முனையை மறுபடி உள்ளே செருகினார்.